நெகடிவ் யார் கையில்? ஒரு பழைய காமிராவை முன்வைத்து

தாய்மாமனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாமான்களைப் பிரித்தபோது என் பங்குக்கு ஒரு காமிராவும் நான்கு நோட்டுகளும் வந்தன. பீரோ, கட்டில், செம்பு அண்டா எல்லாம் போனபின் மிச்சமிருந்தவை இவை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பழசுதான் லாயக்கு என்று அத்தை நினைத்திருக்கலாம். பென்னாகரம் பக்கம் ஒரு சந்தை ஊரில் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவர் மாமா. ஸ்டுடியோவுக்குள் வேறு காமிரா. சைக்கிளில் கிராமத்துக்குப் போகும்போது எடுத்துப்போவது இது: ஆக்ஃபா க்ளிக் 3.

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நண்பர்களிடம் காட்டினேன். ஆளுக்கொரு யோசனை. ஷோகேஸில் வைக்கலாம் என்றார் ஒருவர். சென்னையில் பசங்க இப்பெல்லாம் ஃபிலிம் ரோல் போட்டுக்கிட்டுத்தான் சுத்துறாங்க, நல்ல விலைக்குப் போகும் என்றார் இன்னொருவர். எண்பதுகளில் நடக்கிற கதையைப் படமெடுக்கும் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. கடைசியாகத் தோழர் ஒருவர், "மியூசியத்துக்குக் குடுத்துடுங்க தோழர், நாலு பேரு பாப்பாங்க" என்றார். டீ ஆறிப்போனது.

இந்த யோசனைகள் அனைத்திலும் ஒரு முன்முடிவு இருக்கிறது. காமிராவின் வேலை முடிந்துவிட்டது, இனி அது பார்க்கும் கருவி அல்ல, பார்க்கப்படும் பொருள் என்பது. செத்த கருவிக்கு மாலை போடுவது எப்படி என்பதில்தான் நண்பர்களுக்குள் கருத்து வேறுபாடு. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து அந்த நான்கு நோட்டுகளைப் படிக்கும்வரை கோபத்துக்குக் காரணம் விளங்கவில்லை.

நோட்டுகளைப் பற்றிச் சொல்லும் முன் சுருளைப் பற்றி. க்ளிக் 3 பரோடாவில் தயாராகி நாடு முழுக்க விற்ற எளிய காமிரா. 120 சுருள், ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் 12 படம். வெயில், மேகம் என்று இரண்டு நிலை. ஃபோகஸ் பண்ண ஒன்றும் கிடையாது. பத்தடி தள்ளி நிற்பது தெளிவாக விழும், கிட்டே போனால் மங்கும். முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடி. சுருளைச் சுற்றச் சுற்ற அதில் 1, 2, 3 என்று எண் வரும். அவ்வளவுதான் காமிரா. மாமா அதற்குப் போட்ட சுருள் ஊட்டியில் செய்தது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை ஆலை. தூசியில்லாத குளிர் வேண்டுமென்று மலையில் வைத்தார்கள். சுருளுக்கு 'இந்து' என்று பெயர். மதமல்ல, நிலா. வெள்ளி உப்பு பூசிய சுருளுக்கு நிலவின் பெயர் வைத்த அந்த அரசு ஊழியரின் தமிழையோ சமஸ்கிருதத்தையோ பாராட்டத்தான் வேண்டும். 1996இல் அது நலிந்த ஆலை என்று அறிவிக்கப்பட்டது, பிறகு மூடப்பட்டது. அங்கே தொழிலாளர் குடியிருப்புக்கு இன்றும் இந்து நகர் என்றுதான் பெயர்.

சுருளில் வெள்ளி இருந்தது என்பது வெறும் தகவல் இல்லை. பின்னால் அது நம் கதைக்குள் வரும்.

நோட்டுகள் ஆர்டர் நோட்டுகள். தேதி, பெயர், ஊர், எத்தனை காப்பி, முன்பணம், பாக்கி, நெகடிவ் கவரின் எண். மாமாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இன்னார் மகன் இன்னார், இந்த ஊர், பாஸ்போர்ட் சைஸ் 3. இன்னார் மகள் சீர், போஸ்ட்கார்டு சைஸ் 6. இப்படிப் பக்கம் பக்கமாகப் பெயர்கள். நடுநடுவே வேறு மாதிரி வரிகள்: "காலனி. சாவு. 1 காப்பி." "காலனி. சாவு. 1 காப்பி. பாக்கி 4 ரூ." பெயர் இல்லை. எந்தக் காலனி என்றுகூடச் சில இடத்தில் இல்லை.

ஒரு தடவை பார்த்தபோது கண் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் தடவை விரல் வைத்துப் பார்த்தேன். ஊரில் பெயர் வைத்த நாள், சீர், கல்யாணம், ரேஷன் கார்டு, வேலைக்கு மனு என்று ஒரு ஆள் ஆறேழு தடவை படத்துக்கு நிற்கிறார். காலனிக்கு மாமாவின் சைக்கிள் போனது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக. செத்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, வாசலில் வெயிலில் ஒரு படம். வாழ்நாளில் எடுத்த ஒரே படமும் செத்தபின் எடுத்தது. அதற்கும் பெயர் எழுதவில்லை. மாமா கெட்டவர் அல்லர். எனக்குக் கிணற்றில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவர், பொய்க் கணக்கு எழுதத் தெரியாதவர். பொய்க் கணக்கு எழுதத் தெரியாதவர் எழுதிய கணக்கு என்பதால்தான் இதைப் படிக்க முடிகிறது. சாதி இங்கே வசைச்சொல்லாக வரவில்லை, அலட்சியமான ஒரு சுருக்கெழுத்தாக வருகிறது.

எட்கர் தர்ஸ்டன் ஞாபகத்துக்கு வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற நூலை நம்மில் பலர் மேற்கோளுக்காகப் புரட்டியிருப்போம். சேலம் ஜில்லாவின் மலையாளிகளுக்கும் அதில் இடமுண்டு. இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலத்தோடுதான் இருந்தது. தர்ஸ்டனின் கையில் இரண்டு கருவிகள்: மூக்கை அளக்கும் இடுக்கி, முகத்தை எடுக்கும் காமிரா. படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப்பெயர் மட்டும் இருக்கும். நின்ற ஆளுக்குத் தாய் வைத்த பெயர் என்ன என்பது அந்த அறிவியலுக்குத் தேவைப்படவில்லை. அவர் எடுத்தது ஆளை அல்ல, மாதிரியை. பெரிய மியூசியத்தின் தர்ஸ்டனுக்கும் சின்ன ஊரின் என் மாமாவுக்கும் இடையே ஒரு ரகசிய ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே தலைப்பைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அதிகாரமும் காமிராவும் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. ஃபூக்கோவை முன்வைத்து, சிறையும் மருத்துவமனையும் பள்ளியும் உடலைக் கண்காணிக்கும் விதம் பற்றி. நானும் எழுதியிருக்கிறேன். இன்று திரும்பப் படித்தால் அந்தக் கட்டுரைகளில் காமிராக்காரன் எப்போதும் போலீஸ்காரன். காவல் நிலையப் பலகையில் 'கேடி' படங்களை ஒட்டும் காமிரா, 1993க்குப் பிறகு சேஷன் காலத்தில் வந்த வாக்காளர் அட்டைக் காமிரா (அந்தப் படத்தைப் பார்த்துத் தன் முகம் என்று ஒப்புக்கொண்டவர் யாராவது உண்டா?), ஆதார் காமிரா. இந்த வரிசையில் சந்தை ஊர் ஸ்டுடியோ வருவதில்லை. அது மக்கள் கலை என்று விட்டுவிடுகிறோம். முகத்தில் பவுடர் அப்பி, திரையில் தாஜ்மகால் வரைந்து, செத்தவர் தலையை ஒரு குரூப் போட்டோவிலிருந்து வெட்டிக் கோட்டுப் போட்ட உடம்பில் ஒட்டித் தரும் அழகான கள்ளத்தனம். அது உண்மைதான். ஆனால் அந்தக் கலைக்கு ஒரு சொத்துறவு உண்டு. அதுதான் நெகடிவ்.

காசு கொடுப்பவருக்குக் காப்பி. நெகடிவ் ஸ்டுடியோவுக்கு. மறுபடி காப்பி வேண்டுமென்றால் எண்ணோடு வரவேண்டும், மறுபடி காசு. முகம் உங்களுடையது, முகத்தின் மூலம் அவருடையது. நிலத்தில் உழைக்கிறவனுக்குக் கூலி, நிலம் ஆண்டைக்கு என்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. வால்ட்டர் பெஞ்சமின் 1936 கட்டுரையில் ஒரு நெகடிவிலிருந்து எத்தனை பிரதியும் போடலாம், ஆகவே இதுதான் அசல் என்று ஒன்றைக் காட்டுவதற்கு அர்த்தமில்லை என்கிறார். கலைப்பொருளின் பூஜையறை வாசம் அதோடு கலைகிறது என்பது அவர் நம்பிக்கை. பாரிசுக்கும் பெர்லினுக்கும் அது பொருந்தட்டும். பென்னாகரம் சாலையில் நெகடிவ் ஒரு பூட்டிய இழுப்பறைக்குள் இருந்தது. பிரதிகள் பெருகும் என்கிற சாத்தியம் இருந்தது, பெருக்கும் உரிமை இல்லை. எனவே சுவரில் தொங்கிய ஒற்றைக் காப்பியே அசல் ஆனது. அதற்குத்தான் பொட்டு வைத்தார்கள், சீரியல் பல்பு போட்டார்கள்.

அந்த ஒற்றைக் காப்பி எரிந்துபோனால்?

மாமாவின் காரியம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். அறுபதை ஒட்டிய வயது, பெங்களூரில் கட்டட வேலை செய்து திரும்பியவர். கூரை வீடு விளக்குத் தீயில் போய்விட்டது, வருஷம் பல ஆகிறது. அதில் அவர் அம்மாவின் படமும் போய்விட்டது. படம் எடுத்தவர் என் மாமா.

"அந்த ஸ்டுடியோக்காரரு சாமான் எல்லாம் உங்ககிட்டதான் இருக்குதாமே தம்பி. எங்கம்மா நெகடிவு இருக்குமா பாருங்களேன்."

வருஷம் கேட்டேன். பெரிய மழை வந்து ஏரி உடைந்த வருஷம் என்றார். நோட்டில் அந்த வருஷத்தைத் தேடி, அந்த மாதத்தைப் பிடித்தேன். இரண்டு வரி இருந்தது. "காலனி. சாவு. 1 காப்பி." அடுத்த வாரமும் "காலனி. சாவு. 1 காப்பி." இரண்டில் எது அவர் அம்மா? எழுதத் தெரியாவிட்டாலும் அவர் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மா பேரு சொல்லட்டுங்களா" என்றார். பேரைச் சொன்னார். பெயரைச் சொன்னால் தேடிவிடலாம் என்று நம்புகிறவரிடம், இதில் பெயர் இல்லை அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன்.

"பேருகூட எழுதலிங்களா?"

பெயர் எழுதியிருந்தாலும் பயனில்லை என்பதை அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டிஜிட்டல் வந்து டார்க் ரூமை மூடியபோது நெகடிவ் எல்லாவற்றையும் மாமா எடைக்குப் போட்டுவிட்டார். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வாங்குகிறோம் என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள்தான் வாங்கினார்கள். சுருளில் இருக்கும் வெள்ளியைக் கரைத்து எடுப்பார்கள். ஹைப்போவில் கழிந்த வெள்ளியையும் அப்படி எடுப்பதுண்டு. அந்த அம்மாவின் அம்மா முகம் சில கிராம் வெள்ளியாகி யார் கொலுசிலோ இருக்கலாம். இதை ஒரு படிமமாகச் சொல்லவில்லை. ரசாயனம் இப்படித்தான் வேலை செய்கிறது.

ரோலன் பார்த் 1980இல் எழுதிய புத்தகத்தில் தன் தாயின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார். படத்தை மட்டும் வாசகருக்குக் காட்டமாட்டார். அது தனக்கு மட்டுமே இருக்கிற படம், மற்றவர்க்கு அது இன்னொரு பழைய போட்டோ என்பது அவர் வாதம். எம்.ஏ. முடித்த சூட்டில் அதை மயங்கி மயங்கிப் படித்திருக்கிறேன். அந்த அம்மா எழுந்து போனபின் எனக்குப் பார்த்தின் மேல் சற்றுப் பொறாமை வந்தது. காட்டாமல் இருப்பதற்கு அவரிடம் ஒரு படம் இருந்தது.

தனிமனித விபத்தாக இதை விட்டுவிடவும் முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டதை இந்த மாவட்டத்தில் இருக்கிற எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வீடு எரிந்தால் பீரோ எரிகிறது. பட்டா, டி.சி., நகை ரசீது, ஆல்பம். பட்டாவுக்கு நகல் தாலுகா ஆபீசில் கேட்கலாம். டி.சி.க்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆல்பத்துக்கு யாரிடம் மனுப் போடுவது? இழப்பீட்டுப் பட்டியலில் ஆல்பம் என்று ஒரு கலம் எந்த அரசும் வைப்பதில்லை.

இந்த இடத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயே ஹெட்லி முதலியோர் 2010களில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டலாக்கிய பணியைக் குறிப்பிட வேண்டும். கண்ணாடித் தட்டுகளும் அட்டைப் படங்களும் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றப்பட்டன. வணங்கத்தக்க வேலை. ஆனால் ஆவணக் காப்பகம் எதைக் காப்பாற்றும்? எடுக்கப்பட்டதை. பெயரெழுதி வைக்கப்பட்டதை. எடுக்கப்படாத முகத்துக்கு எந்தக் காப்பகத்திலும் அலமாரி கிடையாது.

நம் மாவட்டத்துக்கு ஆவணக் காப்பகம் புதிதல்ல. வேடியப்பன் என்று சொல்லி மஞ்சள் பூசிக் கும்பிடுகிற கல் எத்தனை ஊரில் இருக்கிறது? அவற்றில் பல நடுகற்கள். இரா. நாகசாமி 1970களில் செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் பதிப்பித்தபோதுதான் அவற்றின் வட்டெழுத்து பலருக்குத் தெரியவந்தது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எதற்காகப் பட்டான், பெயர் என்ன. செங்கம் வட்டார எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மன் காலத்து வீரனோடு கள்ளரைக் கடித்த நாயும் நிற்கிறது. நாய்க்குக் கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் முன்னால் உளி பிடித்தவனுக்கு நாயின் பெயர் முக்கியமாகப் பட்டிருக்கிறது. (நடுகல் மரபைப் பொற்காலமாக்க இதைச் சொல்லவில்லை. கல்லாகும் தகுதி யாருக்கு இருந்தது என்ற கேள்வி அங்கேயும் உண்டு. மாட்டைக் காத்துச் செத்தவனுக்குக் கல், பிரசவத்தில் செத்தவளுக்கு?) தொல்காப்பியம் நடுகல்லின் படிநிலைகளைக் காட்சியில் தொடங்கி வாழ்த்தலில் முடிக்கிறது. கல்லைப் போய்க் கண்டு தேர்வதுதான் காட்சி. பொறிப்பதற்கு முன்னால் பார்ப்பது ஒரு தனிச் சடங்கு. 12 படச் சுருள் போட்ட காமிராக்காரனுக்கு இது உடனே புரியும்.

செல்பேசிக்காரர்களுக்குப் புரியாது என்று நான் சொல்லப்போவதாக நினைத்தால் தவறு. எண்ணிக்கை குறைவாக இருந்தால் பார்வை ஆழமாகும் என்கிற புதிய ஃபிலிம் பக்தி எனக்கு எரிச்சலூட்டுகிறது. எண்ணிக்கை குறைவாக இருந்ததால்தான் மாமா காலனிக்குச் சாவுக்கு மட்டும் போனார். சிக்கனம் எப்போதும் யாரோ ஒருவரை விட்டுவிடுகிற சிக்கனம். கலர் ஃபிலிம் வந்தபோது கோடக் கம்பெனி தன் பிரிண்டுகளைச் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் நெடுங்காலம் இருந்தது. அந்தத் தோலுக்குச் சரியாக இருந்தால் உலகத்துக்கே சரி. நம்மூர் ஸ்டுடியோவில் அதற்கு முன்பே நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் டச்சிங் பண்ணி அம்மைத் தழும்பை மறைத்தார்கள், கன்னத்தை வெளுக்க வைத்தார்கள். நெகடிவில் கருப்பேற்றினால் காப்பியில் வெள்ளை. இத்தனையையும் மறந்துவிட்டுப் பழைய சுருளின் மணிமணியான அழகு என்று உருகுகிறவர்கள் உருகட்டும்.

அப்படியானால் பழைய காமிராவுக்கு என்ன உபயோகம்? இரண்டு விஷயம் எனக்குப் படுகிறது. ஒன்றை வழக்கறிஞர் நண்பர் ஒருவர் சொன்னார். செல்பேசிப் படத்தைக் கோர்ட்டில் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். 2000இல் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 65பி பிரிவு, அதைக் கட்டாயம் என்று உறுதிசெய்த 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அதில் ஹேஷ் எண் என்று ஒன்று. பழைய காலத்தில் போட்டோக்காரர் நெகடிவோடு கூண்டேறி, நான்தான் எடுத்தேன் என்று சொல்லவேண்டும். "ஒரு சங்கத்துக்காரன் கையில ஃபிலிம் காமிரா இருந்தா இன்னைக்கும் அது ஆயுதந்தான்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. யோசிக்க யோசிக்கச் சந்தேகம் வந்தது. நெகடிவிலும் தகிடுதத்தம் உண்டு, மாமாவின் கோட்டுப் போட்ட பிணங்களே சாட்சி. கோர்ட் நம்பியது நெகடிவை மட்டுமல்ல, கூண்டேறிய மனிதனையும்.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஒரு மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு வருஷம் அந்த வழக்கைத் தாங்கியது அந்த ஊர்ப் பெண்களின் வாய்ச்சொல். கருவி கூண்டேறவில்லை, அவர்கள் ஏறினார்கள். சீருடைக்காரர்கள் சொல்வதுதான் ஆதாரம் என்றிருந்த ஒரு மாவட்டத்தில் இதன் பொருள் பெரிது. அதே காலத்தில் வீரப்பனின் முகத்தை 1993இல் நக்கீரன் வெளியிட்ட படங்கள் நாடறியச் செய்தன. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே கொல்லப்பட்டபின் அவன் பிணத்தின் படமும் பரவியது. தேடுதல் வேட்டையின் பேரில் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்யப்பட்ட மலைமக்கள் சதாசிவா குழுவின் முன்னால் வந்து நின்றார்களே, அவர்களில் ஒரு முகம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கில்லை. மீசைதான் நினைவிருக்கிறது.

இரண்டாவது உபயோகம்தான் என் பக்கத்தது. நெகடிவ் கையால் தொடக்கூடிய பொருள். வெட்டலாம், கொடுக்கலாம். செல்பேசிப் படத்தில் 'இதோ உங்கள் மூலம், இனி என்னிடம் இல்லை' என்று சொல்ல வழியே இல்லை. அனுப்பியபின்னும் என்னிடம் இருக்கும், கம்பெனியிடமும் இருக்கும். மதுரை எம். பழனிக்குமார் போன்றவர்கள் துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் காமிராவையே கொடுத்துவிடுகிறார்கள். எடுக்கிற கையை மாற்றுகிற அந்த வேலை முக்கியமானது, என்னால் அது முடிகிறதில்லை, நான் வாத்தியார் இல்லை. மாமா வைத்துவிட்டுப் போன கணக்கில் பாக்கி எதுவோ அதை மட்டும் தீர்க்கப் பார்க்கிறேன்.

பெங்களூரிலிருந்து சுருள் வாங்கினேன். 2024-25இல் நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலி 319 ரூபாய். சுருளின் விலை அதில் இரண்டு நாளைத் தாண்டியது. காலனிக்குப் போனேன். மாமாவின் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டேன். வயசானவர்கள் சிரித்தார்கள். "பொணம் புடிக்கிற காமிராவாச்சே இது" என்றார் ஒரு தாத்தா. யாரும் சாகல, அப்புறம் எதுக்கு வந்த என்று ஒரு பாட்டி கேட்டதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்ள எனக்கு நேரமானது. பத்தடி தள்ளி நின்றேன். மூக்கை அளக்க இந்தக் காமிராவால் முடியாது என்பதில் ஒரு நிம்மதி. எப்படி நிற்பது, எங்கே நிற்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். ஒருவர் டி.வி.எஸ். வண்டியோடு, ஒருவர் பேத்தியின் பள்ளிப் பையோடு. இரவு வீட்டில் இருட்டில் கழுவி, காகிதத்தோடு கண்ணாடிக்கடியில் அமுக்கி, ஆறு சென்டிமீட்டர் காப்பியாகவே போட்டேன். பெரிதாக்கும் கருவி என்னிடம் இல்லை. நெகடிவை ஒவ்வொன்றாக வெட்டிக் கவரில் போட்டுக் காப்பியோடு கொடுத்தேன். கவரின் மேல் முழுப்பெயர், என் ஐந்தாவது நோட்டிலும் அதே பெயர்.

ஆவண இயலில் வேலை பார்க்கும் நண்பருக்கு இது பிடிக்கவில்லை. மூன்று மழைக்காலத்தில் அந்த நெகடிவ்கள் பூஞ்சை பிடித்துப்போகும், நீ செய்வது ஆவணச் சிதைப்பு, ஒரே இடத்தில் குளிர்சாதனத்தில் இருக்கவேண்டியதைப் பன்னிரண்டு கூரைக்குக் கீழே பிரித்துப் போடுகிறாய் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே இடத்தில் இருந்தது ஒரே நாளில் எடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் பதில் சொன்னேன். ஐந்தாவது நோட்டில் ஒரு காப்பியை ஒட்டிவைக்க அவர்களிடம் கேட்டேன். எட்டுப் பேர் சரி என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

அம்மாவின் படத்தைத் தேடி வந்த அந்த அக்காவும் ஒரு படத்துக்கு நின்றார். கவரைப் பிரித்துக் காப்பியை ஒரு பார்வை பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். நெகடிவைத்தான் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். கருத்த முகம் அதில் வெளுத்திருந்தது, நரைத்த தலை கரேலென்று இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்பிடிப் பாத்தா எங்கம்மா மாதிரியே இருக்குது தம்பி" என்றார்.

அதற்கு எந்தக் கோட்பாட்டையும் நான் பொருத்திப் பார்க்கவில்லை. இன்னொரு நெகடிவ் வேண்டுமென்றார், மகளுக்கு. அதே படத்துக்கு இரண்டு நெகடிவ் வராது அக்கா, மறுபடி நிற்கவேண்டும் என்றேன். நின்றார். இப்போது காமிராவில் இருப்பது இரண்டாவது சுருள், அதில் முதல் படம் அவர். சித்தேரி மலையில் தெரிந்தவர் வீட்டில் பெயர் வைக்கிறார்கள், வரச்சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரூர் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கவேண்டும். சிவப்புக் கண்ணாடியில் 2 என்று நிற்கிறது.